பாவு வரவில்லை: தறி, விளையாட்டு, கைவிடும் உரிமை

அண்ணன் மகன் உட்கார்ந்து விளையாடுகிற இடம் எங்கள் வீட்டில் தறிக்குழி இருந்த இடம். குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டிப் பதினைந்து வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு ராத்திரி கைபேசியைத் தரையில் போட்டுவிட்டு, "நாலு நாளா மெட்டீரியல் வரல சித்தப்பா, வெறுத்துப் போச்சு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே இடத்தில் காலைக் குழிக்குள் தொங்கவிட்டபடி அப்பா சொன்ன வாக்கியம் அது. தறி நிற்கிறதே என்று யாராவது கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்: "பாவு வரல."

இரண்டு வாக்கியங்களுக்கும் இலக்கணம் ஒன்று. வர வேண்டியது வரவில்லை. யார் அனுப்பவில்லை என்று வாக்கியம் சொல்வதில்லை. எழுவாய் இருக்கிறது, செய்பவர் இல்லை. மழை வரவில்லை என்பதுபோல் மெட்டீரியல் வரவில்லை, பாவு வரவில்லை. மனிதர்கள் எடுத்த முடிவை இயற்கையின் செயலாக மாற்றிக் காட்டுகிற இந்த மொழியைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க நினைக்கிறேன்.

முதலில் விளையாட்டு. பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் வேடமேற்று ஆடுகிற இணைய விளையாட்டுகளில் சண்டைக்கு அடுத்த பெரிய வேலை, பொருள் செய்வது. 'கிராஃப்டிங்' என்கிறார்கள். இன்னின்ன கச்சாப்பொருளைத் தேடிக் கொண்டுவா, இந்த வாளைச் செய், இந்த அங்கியைத் தை என்று ஒரு பாத்திரம் கட்டளையிடும். அதுதான் 'குவெஸ்ட்'. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனிலேயே ராட்டையும் தறியும் இருந்தன. பருத்தி பறித்து, நூலாக்கி, தறியில் போட்டுத் துணிச்சுருள் ஆக்கி, அதைக் கத்தரித்துத் தைக்க வேண்டும். 1999-இல் வந்த எவர்குவெஸ்டில் செய்முறை தவறினால் சேர்த்த பொருளும் போய்விடும். கொரியாவில் 1998-இல் வந்த லினியேஜில், இருக்கிற ஆயுதத்தை இன்னும் வலுவாக்கப் போய்த் தவறினால் ஆயுதமே மறைந்துவிடும். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 'மூன்கிளாத்' என்று ஒரு துணி. ஒன்று நெய்தால் அடுத்ததை நெய்ய நாலு நாள் காத்திருக்க வேண்டும்.

ஆடுகிறவர்களின் புலம்பல் எல்லா ஊரிலும் ஒன்றே. பொருள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்ய வேண்டியிருக்கிறது. செய்து முடித்துப் பார்த்தால் அதைவிட நல்லது சந்தையில் மலிவாகக் கிடக்கிறது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நாள் உட்கார்ந்தால் இந்த மூன்றையும் இதே வரிசையில் கேட்கலாம். மூன்றாவதற்கு இங்கே விசைத்தறி என்று பெயர்.

சும்மா ஒப்புமை சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. 'தேடல்' என்கிற கதையாடலே இங்கே கேள்விக்கு வருகிறது. ருஷ்யாவின் விளாதிமிர் ப்ராப் 1928-இல் நாட்டுக்கதைகளைப் பிரித்து அடுக்கியபோது, நாயகனுக்கு மாயப்பொருள் தருகிற ஒரு பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்தார்: கொடுப்பவர். கிழவியாக இருக்கலாம், காட்டு மிருகமாக இருக்கலாம். நாயகனைச் சோதித்துவிட்டுப் பொருளைத் தந்துவிட்டுக் கதையைவிட்டே போய்விடும். எங்கள் ஊர்க் கதையிலும் அப்படித்தான். தேவர்களுக்குத் தாமரைத் தண்டின் நூலில் ஆடை நெய்த மார்க்கண்ட முனிவரின் வம்சம் நெசவாளர்கள் என்பார்கள். அந்த முனிவருக்குக் குளம் இருந்தது, தாமரை இருந்தது, கேட்பாரில்லை. கதையில் வருகிற கொடுப்பவர் கணக்கு எழுதுவதில்லை. வரலாற்றில் வருகிறவர் எழுதுகிறார்.

வரலாற்றுக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று காஞ்சியின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளரிடம் ஊரகத்துக் கோயிலின் நிதிப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதைச் சொல்கிறது. கணக்கு எழுதுகிற இடத்தில் நெசவாளர் இருந்த காலம் அது. விஜயநகரக் காலத்தில் காஞ்சிபுரத்துக் கைக்கோளர் தண்டும் சங்கும் வைத்துக்கொள்ளும் உரிமை பெற்றிருந்தார்கள். பிற ஊர்க் கைக்கோளருக்கு உரிமை தரும்போது காஞ்சியே முன்மாதிரி. இதையெல்லாம் எடுத்துப் பொற்காலம் பாடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பாட்டில் நான் சேரவில்லை. பல்லக்கில் போக ஒரு சாதிக்கு உரிமை எழுதுகிற கல்வெட்டு, பல்லக்கைத் தூக்குகிறவர் யார் என்று எழுதுவதில்லை. தறிக்கு 'தறி இறை' என்று வரியும் இருந்தது. ஆனாலும் ஒன்று உண்மை: கோயிலும் அரசும் நெசவாளரோடு பேரம் பேச வேண்டியிருந்தது.

அந்தப் பேரத்தின் பலம் எங்கிருந்து வந்தது? போய்விட முடியும் என்பதிலிருந்து. பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் வெளியிட்ட தென்னிந்திய நெசவாளர் வரலாற்றில் இதைத் தெளிவாகக் காட்டுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பார். நெசவாளருக்கு வேறு இடத்தில் நல்ல விலை கிடைத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வணிகரால் அப்படி முறிக்க முடியாது. ரொம்ப நெருக்கினால் தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார்கள். போகிற இடத்து அரசன் வரவேற்பான். முன்பணம் என்கிற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கொத்தடிமை நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அதே முன்பணம் நெசவாளர் கையிலும் ஓர் ஆயுதமாக இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி உடைத்தது இதைத்தான். 1763-இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்குக் கொடுத்தார். காஞ்சிபுரமும் அதற்குள் வந்தது. துணி வாங்குகிறவனே ஆளுகிறவனாகவும் ஆகிவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கே போவது? வேறு வணிகருக்கு நெய்யாதே என்று உத்தரவு வந்தது. அதைக் கண்காணிக்கச் சேவகர்கள் வந்தார்கள். தறியும் மாறவில்லை, முன்பணமும் மாறவில்லை. வெளியேறுகிற கதவு மட்டும் மூடியது. நெசவாளர் வீழ்ச்சி என்றதும் மான்செஸ்டர் ஆலைத் துணியைச் சொல்லி முடித்துக்கொள்கிற நம் வழக்கமான வரலாறு இந்தக் கதவைப் பற்றிப் பேசுவதே இல்லை. இயந்திரம் வருவதற்கு முன்பே அதிகாரம் வந்துவிட்டது.

இன்று காஞ்சிபுரம் என்றால் பட்டு. ஆனால் பட்டுப்புழு காஞ்சிபுரத்தில் இல்லை. பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. ராமநகரம் கூட்டுப்புழுச் சந்தையின் ஏலமும், அங்கே பெய்கிற மழையும், சீனப் பட்டுக்கு டில்லி போடுகிற சுங்கமும் சேர்ந்து பிள்ளையார்பாளையத்துத் தறி ஓடுமா நிற்குமா என்று தீர்மானிக்கின்றன. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. சரிகைக்காக அரசே 1971-இல் தமிழ்நாடு சரிகை நிறுவனத்தைக் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. வெள்ளி விலை ஏறினால் சரிகை விலை ஏறும், கூலி ஏறாது. சொந்தத் தறி வைத்திருக்கிறவருக்கும் பெரும்பாலும் தறிதான் சொந்தம், பாவு சொந்தமில்லை. முதலாளியோ சங்கமோ பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். நெய்து கொண்டுபோனால் புடவையை எடை போடுவார்கள். சேதாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்பு. கோடு விழுந்தால் பிடிப்பு, கறை பட்டால் பிடிப்பு. தராசு யாருடையது என்று கேட்கக்கூடாது.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் உடலின் இழையைக் கரையின் இழையோடு கோர்த்து இழுக்க வேண்டும். ஒருவரால் ஆகாது; பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். முந்தானைக்கு நிறம் மாற்றுவதற்குப் பிட்னி. பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைப்பது. ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் நாள் கணக்கே இல்லை. விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பச்சைக் கோடு நகர்ந்து துணி ஆகிவிடுகிறது. செய்கிற வேலையை நீக்கிவிட்டு, காத்திருப்பதையும் பொருள் சேர்ப்பதையும் மட்டும் அங்கே 'தொழில்' என்று வைத்திருக்கிறார்கள். உழைப்பின் எரிச்சல் பத்திரமாக இருக்கிறது, கையின் அறிவு காணாமல்போய்விட்டது. நெசவில் அப்பாவுக்குப் பிடித்திருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

பக்கத்தில் உட்கார்கிற அந்த இன்னொரு ஆள் யார்? ரொம்ப காலம் குழந்தைதான். 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, பட்டுத் தொழிலில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் கட்டுண்டு கிடந்ததை மூன்று மாநிலங்களில் பதிவு செய்தது. காஞ்சிபுரம் அதில் உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், எண்ணிக்கை குறைந்தது. நல்லதுதான். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக முடிந்த அதே முன்பணம், இருபதாம் நூற்றாண்டில் திருப்பவே முடியாத தொகையாக ஆன கதை அதில் இருக்கிறது.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்துக்கு 2007-ஆம் ஆண்டுக்கான சிறந்த படத்தின் தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. நம்மாட்கள் பலர் அதைக் கண்ணீர்ப் படமாகவே பார்த்தார்கள். எனக்கு அது ஒரு குவெஸ்டின் அரசியல். மகளுக்குப் பட்டுப் புடவை கட்டிக் கல்யாணம் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கிறான் ஒரு நெசவாளி. நாளுக்கு ஓர் இழையாக முதலாளியின் நூலை வாயில் அடக்கிக் கொண்டுவந்து ரகசியமாக நெய்கிறான். இடையில் கம்யூனிஸ்டாகிறான், வேலைநிறுத்தம் நடக்கிறது. வேலைநிறுத்தம் நீண்டால் நூல் கிடைக்காது. தோழர்களை வேலைக்குத் திரும்பச் சொல்கிறான். தேடல் என்கிற வடிவம் எப்போதும் தனி நாயகனைக் கேட்கிறது. வேலைநிறுத்தம் நாயகனைக் கேட்பதில்லை, கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்பதைக் கேட்கிறது. ஒரு புடவைக்கான தேடலும் ஒரு தெருவுக்கான கூலியும் மோதுகிற அந்த இடத்தை இயக்கத் தோழர்கள் இன்னும் விவாதித்திருக்க வேண்டும். துரோகி என்று முத்திரை குத்துவது சுலபம். அவன் வாக்குக் கொடுத்தது கட்சிக்கு முன்பே மகளுக்கு.

கட்சி என்றதும் இன்னொன்று. நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் காஞ்சியில் பிறந்தவர் அண்ணா. 1953-இல் கைத்தறி நெருக்கடியின்போது அவரும் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தெருவில் சுமந்து விற்றார்கள். தேங்கிய துணியை வாங்க ஆள் சேர்த்த அந்த அரசியலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விற்பனைதான் நெசவாளர் பிரச்சினை என்று அன்றைக்குப் பதிந்தது இன்றுவரை மாறவில்லை. பண்டிகைத் தள்ளுபடி, கண்காட்சி, முத்திரை. 1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை உச்சநீதிமன்றம் 1993-இல் செல்லும் என்றது. சட்டம் புடவையைக் காக்கப் பார்த்தது, பாவு யார் கையில் என்று கேட்கவில்லை. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் கிடைத்தது. அல்டிமா ஆன்லைனில் கைதேர்ந்த ஒருவர் செய்த பொருளில் செய்தவர் பெயர் பொறிக்கப்படும். காஞ்சிபுரம் புடவையில் கடையின் பெயர் இருக்கிறது, அரசின் முத்திரை இருக்கிறது. நெய்தவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

விளையாட்டிலும் இப்போது கணக்கு எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள். பொருளாதாரம் சரிந்த வெனிசுவேலாவில் 2017 வாக்கில் பலர் ரூன்ஸ்கேப்பில் நாள் முழுக்கப் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்த விளையாட்டுத் தங்கத்தை டாலருக்கு விற்றுச் சாப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு வெறுத்துப்போகிற வேலை அவர்களுக்குக் கூலி. 2024 ஜனவரியில் கொரிய நியாய வணிக ஆணையம் நெக்ஸன் நிறுவனத்துக்கு சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. காசு கொடுத்துப் பொருளை மேம்படுத்துகிறவர்களுக்கு, நல்லது கிடைக்கும் வாய்ப்பைச் சொல்லாமல் குறைத்து வைத்திருந்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்குச் சரிகை நினைவுக்கு வந்தது. இழைக்குள் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று நெய்கிறவருக்கும் தெரியாது, கட்டுகிறவருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் நடுவில் எப்போதும் இருக்கிறார். பாவு 'வராமல்' இருப்பதும் அவரிடத்தில்தான்.

அண்ணன் மகன் அன்றைக்கு ராத்திரி என்ன செய்தான் என்பதைச் சொல்லவில்லையே. கைபேசியை மறுபடி எடுத்து அந்தக் குவெஸ்டைக் கைவிடுகிற பொத்தானை அழுத்தினான். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றான். போய்விட்டது. "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான் சித்தப்பா" என்று படுத்துக்கொண்டான்.

அப்பா தறியை விட்டபோது பாக்கி இருந்தது. முன்பணம், சேதாரம், எடை குறைந்ததற்கான பிடிப்பு எல்லாம் சேர்ந்த பாக்கி. முதலாளி வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். திண்ணையில் நிற்க வைத்து நோட்டைப் புரட்டினார்கள். அச்சையும் படைமரத்தையும் ஜக்கார்டு பெட்டியையும் கொடுத்து அம்மாவின் தோட்டையும் விற்ற பிறகு கணக்கைக் கிழித்தார்கள். நோட்டின் அந்தப் பக்கத்தை அப்பா கேட்டு வாங்கி வந்தார். எத்தனை மார்க் சரிகை, எத்தனை கிராம் பட்டு, எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தறி எண் இருக்கிறது.