பிட்டநிலைக் கருவைத் திருப்பும் இயற்கை முறைகள்: தன்னியல்புத் திருப்பமும் சான்றின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

கருப்பையில் பிட்டம் கீழ்நோக்கி அமைந்த கருவை மகப்பேற்றுக்கு முன்பே தலைநிலைக்குக் கொண்டுவரப் பல காலங்களில் பல முறைகள் கையாளப்பட்டுள்ளன. கைத்திருப்பம், உடல் இருக்கைகள், மூலிகைச் சூடு ஆகிய மூன்றின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தகைய கருக்களில் பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடுகின்றன. அவ்வியல்பே ஒவ்வொரு முறைக்கும் புகழ் சேர்த்தது என்பதும், முறையின் பயனையும் இயற்கையின் பயனையும் பிரித்தறிய ஒப்பீட்டுக் குழு தேவைப்பட்டது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிட்டநிலை, தன்னியல்புத் திருப்பம், வெளிப்புறத் திருப்பம், மூலிகைச் சூடு, ஒப்பீட்டாய்வு.

முன்னுரை

மகப்பேற்றின்போது குழந்தையின் தலை முதலில் வெளிவருவதே பெரும்பான்மை வழக்கு. நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு கருக்களே பிட்டநிலையில் இருக்கும். ஆனால் 28ஆம் வாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரையிலான கருக்கள் அந்நிலையில் காணப்படும். இடைப்பட்ட வாரங்களில் எஞ்சியவை எவர் உதவியுமின்றித் திரும்பிவிடுகின்றன. ஆகவே 30ஆம் வாரத்தில் ஒரு தாய்க்கு எந்த அறிவுரையைக் கூறினாலும், அதன்பின் குழந்தை திரும்புவதற்கே வாய்ப்பு மிகுதி. இவ்வுண்மை நெடுங்காலம் கணக்கில் கொள்ளப்படவில்லை. இம்முறைகளின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

பண்டைய நூல்களில் திருப்பம்

கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மகளிர் நோய் நூலொன்று, குறுகிய வாயுடைய குடுவைக்குள் குறுக்காகக் கிடக்கும் ஒலிவ விதையைக் கருவுக்கு உவமையாகக் காட்டுகிறது. நிலை மாறிய கருவை நேராக்கத் தாயைக் கட்டிலோடு பிணைத்துக் குலுக்கும் முறையையும் அம்மரபு நூல்கள் கூறுகின்றன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமில் மருத்துவம் பார்த்த சொரானசு, கையால் மென்மையாகத் திருத்தும் வழியை விரித்துரைத்தார். தலை முதலில் வருவதற்கு அடுத்த நிலையில் கால் முதலில் வருவதை அவர் ஏற்றுக்கொண்டார்.

சுசுருத சங்கிதை, வெளிவர இயலாது தடைப்பட்ட கருவை மூடகர்ப்பம் என்று பெயரிட்டு ஆராய்கிறது. நிதானத் தானத்தில் கீலம், பிரதிகுரம், பீசகம், பரிகம் என்ற வகைப்பாடும், சிகிச்சைத் தானத்தில் ஒவ்வொரு நிலைக்குமான கைவினையும் இடம்பெறுகின்றன. பிட்டம் முன்வரும் கருவைப் பற்றி, பிட்டத்தை மேலே தள்ளிக் கால்களை நீட்டி வெளிக்கொணரும் முறையை அந்நூல் கூறுகிறது.

இந்நூல்களுக்கிடையே ஓர் ஒற்றுமை உண்டு. அவற்றின் கைவினைகள் யாவும் மகப்பேற்று வலி தொடங்கிய பின் நிகழ்வன. தாயின் உயிர் இடரில் இருக்கும் வேளையில் செய்யப்படுவன. வலி தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே கருவின் நிலையை அறிந்து மாற்றலாம் என்ற எண்ணம் வேரூன்ற, கருவின் நிலையை வெளியிலிருந்து உறுதியாக அறியும் வழிகள் தேவைப்பட்டன.

வயிற்றின்மேல் கை: விகாண்ட் முதல் பினார் வரை

16ஆம் நூற்றாண்டில் அம்புரோசு பரே கருப்பைக்குள் கைசெலுத்திக் கால்வழித் திருப்பும் முறைக்குப் புத்துயிர் அளித்தார். அது வலிக்காலத்துக்கு உரியதாகவே நீடித்தது. செருமனியின் ஆம்பர்க் நகரில் பணிபுரிந்த யுசுடசு ஐன்ரிக் விகாண்ட், வயிற்றின் மேலிருந்தே கருவைத் திருப்பும் வெளிப்புறத் திருப்பத்தை 1807இல் எழுத்தில் முன்வைத்தார். 1821இல் பிரான்சின் கெர்கரதெக், கருவின் இதயத் துடிப்பைக் காதால் கேட்டறிய முடியும் என்று அறிவித்தார். துடிப்பு வயிற்றின் எப்பகுதியில் தெளிவாகக் கேட்கிறது என்பது கருவின் நிலைக்கு ஒரு குறிப்பாக அமைந்தது.

இவ்விரு போக்குகளையும் பாரிசு நகரின் அதோல்பு பினார் ஒன்றிணைத்தார். வயிற்றைத் தடவி நிலையறிதல் பற்றியும் வெளிப்புறத் திருப்பம் பற்றியும் அவர் எழுதிய நூல் 1878இல் வெளிவந்தது. கருவுற்ற காலத்தின் இறுதிப் பகுதியிலேயே கருவைத் திருப்பி, மீண்டும் புரளாதிருக்க வயிற்றில் கச்சை அணிவிப்பது அவர் முறை. மகப்பேற்றுக்கு முந்தைய பராமரிப்பு என்னும் கருத்து உருப்பெற்றதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

எனினும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்திருப்பம் பெரும்பாலும் 36ஆம் வாரத்துக்கு முன்பே செய்யப்பட்டது. அப்போது கரு சிறியது, சுற்றியுள்ள நீர் மிகுதி, திருப்புவது எளிது. ஆனால் தானாகத் திரும்பக்கூடிய கருக்களும் அக்காலத்தில்தான் மிகுதி. சுவீடனில் வெசுடுகிரன் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, 32ஆம் வாரத்துக்குப் பின் பிட்டநிலைக் கருக்களில் 57 விழுக்காடும், 36ஆம் வாரத்துக்குப் பின் 25 விழுக்காடும் தாமாகத் திரும்பின. 32ஆம் வாரத்தில் நூறு தாய்மார்க்கு ஏதேனும் ஒரு முறையைக் கையாண்டு ஐம்பத்தேழு கருக்கள் திரும்பினால், அம்முறை செய்தது ஏதுமில்லை என்பதே இதன் பொருள்.

1970களில் காலம் மாற்றப்பட்டது. கருப்பைச் சுருக்கத்தைத் தளர்த்தும் மருந்துடன் நிறைமாதத்தை ஒட்டி வெளிப்புறத் திருப்பம் செய்யலாம் என்பதை 1975இல் சாலிங்கும் முல்லர்-ஓல்வேயும் எடுத்துரைத்தனர். 1981இல் வான் டோர்சுடன் குழுவினர் குலுக்கல் முறையில் தாய்மாரை இரு பிரிவாக்கி இதனைச் சோதித்தனர். திருப்பம் செய்யப்பட்ட பிரிவில் 68 விழுக்காட்டினர்க்குக் கரு தலைநிலைக்கு வந்தது. செய்யப்படாத பிரிவில் ஐந்தில் ஒரு பங்கினர்க்கும் குறைவாகவே வந்தது. இந்த இடைவெளியே உண்மையான சான்று. 8 ஆய்வுகளையும் 1308 தாய்மாரையும் உள்ளடக்கிய 2015ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வும், நிறைமாத வெளிப்புறத் திருப்பம் பிட்டநிலைப் பிறப்பையும் அறுவை மகப்பேற்றையும் குறைக்கிறது என்று காட்டியது.

உடல் இருக்கைகளின் புகழ்

கைபடாத, மருந்தில்லாத வழிகளையே பொதுவழக்கில் இயற்கை முறைகள் என்கின்றனர். அவற்றுள் பரவலானவை இரண்டு. முழங்கால்களை ஊன்றி மார்பைத் தரையோடு தாழ்த்தி இடுப்பை உயர்த்தும் இருக்கை ஒன்று. இது வால்மை எல்கின்சு பெயரால் அறியப்படுகிறது. மல்லாந்து படுத்து இடுப்பின் அடியில் தலையணை வைத்து உயர்த்துவது மற்றொன்று. செருமானிய மருத்துவச்சியர் வழக்கில் இதற்கு இந்தியப் பாலம் என்று பெயர். தொன்மையையும் கீழைநாட்டையும் நினைவூட்டும் பெயரே ஒரு முறைக்கு மதிப்பைத் தந்துவிடுவதற்கு இது நல்ல சான்று. கருவின் பிட்டம் இடுப்பெலும்பிலிருந்து விலகும், அதனால் கரு புரள இடம் கிடைக்கும் என்பதே இரண்டின் அடிப்படை விளக்கம்.

விளக்கம் ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. தொடக்கப் பதிவுகளும் மிக உயர்ந்த வெற்றியைக் கூறின. ஆனால் அவற்றில் இருக்கையைக் கடைப்பிடிக்காத தாய்மார் பிரிவு இல்லை. 1987இல் செனியாவும் குரோதரும் 76 தாய்மாரைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டாய்வில், முழங்கால்-மார்பு இருக்கை பிட்டநிலைப் பிறப்பைக் குறைக்கவில்லை. 6 ஆய்வுகளையும் 417 தாய்மாரையும் தொகுத்த காக்ரேன் மீளாய்வும் உடல் இருக்கைகளால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்றில்லை என்றே முடிவு கூறியது. தொகை சிறிது என்பதால் சிறு பயன் இருப்பதற்கான வாய்ப்பை இது முற்றாக மறுக்கவில்லை. ஆனால் முதற்பதிவுகள் கூறிய பெருவெற்றி ஒப்பீட்டின்முன் நிலைக்கவில்லை.

சீன மூலிகைச் சூடு

சீன மருத்துவத்தில் மாசிப்பத்திரி இனச் செடியின் உலர்ந்த இலையைச் சுருட்டாக்கிப் பற்றவைத்து, உடலின் குறித்த புள்ளிகளுக்கு அருகில் பிடித்துச் சூடேற்றுவது பழைய வழக்கம். பிட்டநிலைக்கு உரிய புள்ளி கால் சுண்டுவிரல் நகத்தின் வெளிமூலையில் உள்ளது. சீயின் என்பது அதன் பெயர். சிறுநீர்ப்பை நாளத்தின் 67ஆம் புள்ளியாக அது எண்ணப்படுகிறது.

1998இல் கார்தினியும் வெய்சினும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு இம்முறையை உலகறியச் செய்தது. சீனாவின் சியாங்சி மாநிலத்தில் 33ஆம் வாரத்தில் இருந்த, முதன்முறை கருவுற்ற 260 பெண்கள் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 35ஆம் வாரத்தில் சூடு பெற்ற பிரிவில் 98 கருக்கள், அதாவது 75.4 விழுக்காடு, தலைநிலையில் இருந்தன; ஒப்பீட்டுக் குழுவில் 62 கருக்கள், அதாவது 47.7 விழுக்காடு, அந்நிலையில் இருந்தன. இரண்டாம் எண்ணே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. சூடு பெறாத தாய்மாரிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கரு திரும்பியுள்ளது. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால், முக்கால் பங்கு வெற்றியும் மூலிகைக்கே உரியதாகியிருக்கும்.

இதே கார்தினி குழுவினர் இத்தாலியில் தொடங்கிய ஆய்வு 123 தாய்மாரோடு இடையில் நிறுத்தப்பட்டது. பலர் சிகிச்சையைத் தொடரவில்லை. 2005இல் வெளியான அதன் முடிவில் இரு பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இல்லை. சுவிட்சர்லாந்தில் 212 தாய்மாரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில் சூடு பெற்றோரில் 18 விழுக்காட்டினர்க்கும் பெறாதோரில் 16 விழுக்காட்டினர்க்கும் கரு திரும்பியது. 2023ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வோ, வழக்கமான பராமரிப்புடன் சேர்த்துச் செய்யப்படும் சூடு பிறப்பின்போது பிட்டநிலையைக் குறைக்கக்கூடும் என்றும், அறுவை மகப்பேற்றின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்றும் கூறுகிறது. ஆகவே மூலிகைச் சூட்டை வெறும் நம்பிக்கை எனத் தள்ளவும் இயலாது; தொடக்கத்தில் கூறப்பட்ட அளவில் ஏற்கவும் இயலாது.

விளைவுகள்

26 நாடுகளில் 2088 தாய்மாரைக் கொண்டு ஆனா குழுவினர் நடத்திய நிறைமாதப் பிட்டநிலை ஆய்வு 2000இல் வெளிவந்தது. திட்டமிட்ட அறுவையில் குழந்தையின் இறப்பும் கடும் பாதிப்பும் 1.6 விழுக்காடு எனவும், திட்டமிட்ட இயல்புப் பிறப்பில் 5.0 விழுக்காடு எனவும் அது காட்டியது. பின்னர் அதன் முறையியல் கடுமையாக விவாதிக்கப்பட்டது. எனினும் பல நாடுகளில் பிட்டநிலை என்றாலே அறுவை என்பது வழக்கமாயிற்று. அறுவையைத் தவிர்க்க விரும்பும் தாய்மாரிடையே இயற்கை முறைகளின் ஈர்ப்பு மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கு இரு இழப்புகள் நேரக்கூடும். பயன் உறுதிப்படாத இருக்கைகளை மட்டும் நம்பியிருந்தால், சான்றுள்ள வெளிப்புறத் திருப்பத்துக்குரிய வாரங்கள் கடந்துபோகலாம். மேலும், கருப்பையின் வடிவம், நஞ்சுக்கொடியின் அமைவிடம், பனிக்குட நீரின் அளவு ஆகியவற்றால் திரும்ப இயலாத கருவின் தாய், தன் முயற்சியின் குறையே காரணம் என்று வருந்த நேரிடும். இயற்கை முறையின் வெற்றியை மிகைப்படுத்தும் ஒவ்வொரு பதிவும் அவ்வருத்தத்தை மிகுவிக்கிறது.

முடிவுரை

கையானாலும் இருக்கையானாலும் மூலிகையானாலும், தன்னியல்புத் திருப்பத்தின் பயன் அந்தந்த முறையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டதை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. மேலை மருத்துவம், கீழை மருத்துவம் என்ற வேறுபாடு இதில் இல்லை. பினாருக்குப் பின்வந்த மருத்துவர்களின் முற்காலத் திருப்பமும் இதே ஐயத்துக்கு உரியதே. ஒப்பீட்டுக் குழுவே எல்லா முறைகளையும் ஒரே அளவுகோலின்கீழ்க் கொண்டுவந்தது.

நாட்டார் மருத்துவத்தை ஆராயும் தமிழ் ஆய்வாளர்க்கும் இது பயன்படும். மருத்துவச்சியரிடமிருந்து வயிறு நீவுதல் போன்ற முறைகளைப் பதிவுசெய்வோர், எந்த வாரத்தில் அது செய்யப்பட்டது, கருவின் நிலை எவ்வாறு அறியப்பட்டது, முதற்கருவா அன்றா, திரும்பாத கருக்கள் எத்தனை என்ற நான்கு வினாக்களையும் சேர்த்துக் கேட்பது இன்றியமையாதது. முறையைப் பதிவுசெய்வது பண்பாட்டு வரலாற்றுப் பணி. அதன் பயனை உரைப்பது வேறு பணி. இரண்டாவது பணிக்குத் திரும்பாத கருக்களின் எண்ணிக்கையும் தேவை.