கோதுமையோடு வந்த கப்பல்

கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் பன்னீர் திராட்சையைத் தோட்டத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பையில் ரெண்டு சட்டை, சார்ஜர், தொப்பி. அம்மா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திணித்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி.

"ஏம்மா, கம்பத்துல சாப்பாடு கிடைக்காதா?"

"கிடைக்கும்டா. உன் வயித்துக்கு ஒத்துக்கணுமே."

கள்ளிக்குப்பத்திலிருந்து பஸ் பிடிக்கப் போகும் வழியெல்லாம் எனக்கு இன்னொரு பட்டியல் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தைச் சேர்ந்த, பெயர் தெரியாத ஒரு வணிகர் கிரேக்கத்தில் எழுதியது, 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்'. எப்போது கிளம்ப வேண்டும், எந்தத் துறைமுகத்துக்கு எதை எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லும் கைப்புத்தகம். ஆற்றங்கரைத் துறைமுகமான முசிறிக்கு ஜூலை வாக்கில் கிளம்பு என்கிறது. முதலில் நாணயம், நிறைய. பிறகு துணி, பவளம், கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம். ஒயினும் உண்டு, ஆனால் அதிகம் வேண்டாம்.

அந்த ஒயின் வந்தது ஆம்போரா என்ற மண்சாடிகளில். கப்பலின் வயிற்றில் அடுக்குவதற்கு வசதியாகக் கூம்பிய அடி, ஒழுகாமலிருக்க உள்ளே பைன் பிசின் பூச்சு. முசிறி என்று பலரும் கருதும் பட்டணத்தில் 2007இல் தொடங்கிய அகழாய்விலும், இந்தப் பக்கம் அரிக்கமேட்டிலும் அந்தச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன.

நம் பாட்டுகளிலும் இந்த வணிகம் இருக்கிறது. அகநானூறு 149இல் யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது. புறநானூறு 56இல் யவனர் தந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்துகிறான். பள்ளிக்கூடத்திலிருந்தே நாம் பெருமையாகச் சொல்லிவருவது இந்தப் பொன்னையும் தேறலையும்தான்.

பெரிப்ளூஸ் பட்டியலில் இன்னொரு பொருளும் உண்டு. கோதுமை. விற்பதற்கு அல்ல, அங்குள்ள வணிகர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. கப்பல் தொழிலில் இருப்பவர்கள் சாப்பிடப் போதுமான அளவு எடுத்துப்போ என்கிறார். எனக்குத் தெரிந்து நம் பாட்டில் இந்தக் கோதுமை இல்லை. பாட்டு கரையில் நின்று கப்பலைப் பார்த்தது. இறங்கி வந்த பொன் அதன் கண்ணில் பட்டது. பட்டியலோ கப்பலுக்குள் உட்கார்ந்து எழுதியது. அதில்தான் அரிசிச் சோறு இறங்காத ஒரு மாலுமியின் வயிறு தெரிகிறது. பொன்னை மட்டும் பார்த்தால் யவனர் நம் பெருமைக்குச் சாட்சி, அவ்வளவுதான். கோதுமையைப் பார்த்தால் ஊரை விட்டு வந்த மனுஷன்.

முசிறி நின்றது பெரியாற்றின் முகத்துவாரப் பகுதியில். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, அதே பெரியாற்றின் தண்ணீரில் ஒரு பங்கை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. ஒயின் வந்து இறங்கிய ஆறு இன்று கம்பத்தில் திராட்சைக்குப் பாய்கிறது. அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

விடியற்காலையில் கம்பத்தில் இறங்கினேன். ஓட்டல்களில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் டப்பாவைத்தான் திறந்தேன்.

திரும்பி வரும்போது அதில் திராட்சை இருந்தது.