வாசனையைக் கணிக்கும் மெஷின்... உங்க எசென்ஷியல் ஆயில் பாட்டிலுக்கு உதவுமா?

புதினாவைக் கசக்கினால் ஒரு வாசனை வரும். பார்க்க சீரகம் மாதிரியே இருக்கும் கேரவே விதையை நசுக்கினால் முற்றிலும் வேறு வாசனை. ஆனா, இரண்டுக்கும் முக்கியக் காரணம் கார்வோன் என்கிற ஒரே மூலக்கூறுதான். இடது கையும் வலது கையும் மாதிரி, ஒன்று இன்னொன்றின் கண்ணாடி பிம்பம். அவ்வளவுதான் வித்தியாசம். உங்க மூக்கு அதைச் சட்டுனு கண்டுபிடிச்சிடும். கம்ப்யூட்டரால முடியுமா?

நிறத்துக்கு அலைநீளம் இருக்கு, ஒலிக்கு அதிர்வெண் இருக்கு. வாசனைக்கு அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. நம் மூக்கில் சுமார் 400 வகை ரிசப்டார்கள் இருக்கின்றன. ஒரே மூலக்கூறு பல ரிசப்டார்களைத் தட்டி எழுப்பும். ஒரே ரிசப்டார் பல மூலக்கூறுகளுக்கு ரியாக்ட் பண்ணும். இதற்கு ஃபார்முலா எழுத முடியாமல் தவித்த இடத்தில்தான் மெஷின் லேர்னிங் உள்ளே வந்தது.

கூகுள் ஆய்வாளர்கள் செய்தது இதுதான். வாசனைத் திரவியத் துறையின் டேட்டாபேஸ்களிலிருந்து சுமார் 5,000 மூலக்கூறுகளை எடுத்தார்கள். அணுக்களைப் புள்ளிகளாகவும், பிணைப்புகளைக் கோடுகளாகவும் மாற்றி, 'இது பழ வாசனை, இது புல் வாசனை' என்று குறிப்போடு மெஷினுக்குக் கொடுத்தார்கள். பிறகு, அது பார்க்காத 400 மூலக்கூறுகளைக் கொடுத்து டெஸ்ட். இன்னொரு பக்கம், பயிற்சி பெற்ற 15 பேர் அவற்றை முகர்ந்து மார்க் போட்டார்கள். குழுவின் சராசரிக் கருத்தை யார் நெருங்குகிறார்கள் என்பதுதான் போட்டி. 53 சதவிகித மூலக்கூறுகளில், குழுவிலிருந்த ஒரு சராசரி ஆளைவிட மெஷின்தான் நெருக்கமாக இருந்தது. 2023-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. 53 என்றால் ஜஸ்ட் பாஸ் மாதிரி தெரியலாம். ஆனா, மோதியது பயிற்சி பெற்ற மூக்குகளோடு!

இதனால யாருக்கு லாபம்? லிலியல் என்ற மலர் வாசனைப் பொருளை எடுத்துக்கோங்க. இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்பதால், 2022 மார்ச் முதல் அழகுசாதனப் பொருள்களில் அதற்கு ஐரோப்பிய யூனியன் தடை போட்டுவிட்டது. மாற்று தேடும் நிறுவனம் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைத் தயாரித்து முகர்ந்து பார்க்க முடியாது. எதை முதலில் தயாரிக்கலாம் என்று மெஷின் சொன்னாலே பாதி வேலை மிச்சம்.

எண்ணெய் என்று வந்தால்தான் சிக்கல்

மேலே சொன்னதெல்லாம் தனித்தனி மூலக்கூறுகளுக்கு. எசென்ஷியல் ஆயில் ஒரு கூட்டம். சிலவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் இருக்கும். இதில் அளவும் ஆட்டத்தை மாற்றும். மல்லிகையில் இண்டோல் என்று ஒன்று உண்டு. துளியூண்டு இருந்தால் பூ மணக்கும், அதிகமானால்... சாரி, மலநாற்றம். கலவை வாசனையைக் கணிக்கும் ஆராய்ச்சியும் நடக்குது. ஆனா, அது இன்னும் பெரிய தலைவலிதான்.

அதனால 'ஏஐ உருவாக்கிய வாசனை' என்று ஒரு பாட்டிலில் போட்டிருந்தால், அது வாசனையைப் பற்றிய தகவல் மட்டுமே. உங்க சருமத்துக்கு சேஃப் என்று அர்த்தமில்லை. அலர்ஜியைக் கணிக்கும் மாடல்கள் தனி. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் நிறைய இருக்கும் லிமோனீன், காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சரும அலர்ஜியைக் கிளப்பும் பொருளாக மாறும். மூக்குக்கு அது அப்பவும் எலுமிச்சையாகவே தெரியலாம்!

எனவே, பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்க. மூடியை இறுக்கமா மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைங்க. எசென்ஷியல் ஆயிலை அப்படியே தோலில் தடவாதீங்க. தேங்காய் எண்ணெய் மாதிரி ஒன்றில் நன்றாக நீர்க்கக் கலந்து, முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. சிவந்தாலோ அரித்தாலோ அந்த பாட்டில் உங்களுக்கு வேண்டாம்.