திருகின் பிழையும் திருத்தும் எண்ணும்

இயந்திரப் பட்டறையில் தூரத்தை அளந்து நகர்த்துவது இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் திருகின் வேலையாக இருந்துவருகிறது. 5 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள லீட் ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றினால் மேசை 5 மி.மீ. நகரவேண்டும், நூறில் ஒரு பங்கு சுற்றினால் 0.05 மி.மீ. கணக்கு எளிது, ஆனால் எந்தத் திருகும் கணக்குப்படி முழுமையாக நடந்ததில்லை. புரி வெட்டிய லேத்தின் குறை புதிய திருகில் இறங்கும். அந்தத் திருகைப் பூட்டிய இயந்திரம் தான் செய்யும் பொருளிலெல்லாம் அதே குறையைப் பதிக்கும். இதற்கு வழி இரண்டு: திருகை மேலும் நேர்த்தியாகச் செய்வது, அல்லது அதன் பிழையை அளந்துவைத்து நகர்த்தும்போதே கழித்துவிடுவது. முதல் வழியின் வரலாறு பலமுறை எழுதப்பட்டது. இன்றைய சி.என்.சி. (கணினி எண்கட்டுப்பாட்டு) இயந்திரங்களுக்குக் கூடுதலாகக் கடன் கொடுத்தது இரண்டாவது வழி.

தொடக்கம் கடற்பயணத்தோடு சேர்ந்தது. செக்ஸ்டன்ட் கருவியின் வில்லில் கோடுகள் ஒரே சீராக விழாவிட்டால் கப்பல் இருக்குமிடம் தவறாகக் கணிக்கப்படும். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் கட்டிய பிரிப்பு இயந்திரத்தில் 2160 பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தை ஒரு திருகு நகர்த்தியது. ஆறு சுற்றுக்கு ஒரு பாகை. இங்கிலாந்தின் தீர்க்கரேகை வாரியம் அதற்குப் பணம் கொடுத்தது. செய்முறையை மறைக்காமல் வெளியிடவேண்டும் என்பது நிபந்தனை. 1777இல் விளக்க நூல் வெளிவந்தது. கைத்திறனாக மட்டும் இருந்த துல்லியம் பிறர் கற்கக்கூடிய முறையானது அப்போதுதான்.

அடுத்த தலைமுறையில் ஹென்றி மாட்ஸ்லே அங்குலத்துக்கு 100 புரிகள் உள்ள திருகைக் கொண்டு ஒரு மேசை மைக்ரோமீட்டர் செய்தார். அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிய அந்தக் கருவிக்கு அவருடைய பட்டறையில் ‘லார்ட் சான்சலர்’ என்று பெயர். அளவுத் தகராறுகளில் அதன் தீர்ப்பே இறுதி. பிழையை இவ்வளவு நுட்பமாக அளக்க முடிந்ததால் அதைத் திருத்தும் எண்ணமும் வந்தது. காகித இயந்திரத்தாலும் தகர டப்பா உணவாலும் அறியப்பட்ட பிரயன் டாங்கின் 1826இல் கட்டிய திருகு வெட்டும் இயந்திரம் இவ்வரலாற்றின் உண்மையான திருப்புமுனை. அவருக்கு உரிய புகழ் இதற்காக இன்னும் கிடைக்கவில்லை. லீட் ஸ்க்ரூ எந்தெந்த இடத்தில் எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று அவர் அளந்தார். அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு நீண்ட பட்டையின் விளிம்பில் மேடு பள்ளமாக அமைத்தார். இயந்திரம் நகரும்போது ஒரு நெம்புகோல் அந்த விளிம்பைத் தடவிச் செல்லும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப நகர்வில் சிறு கூட்டலோ கழித்தலோ நடக்கும். குறையுள்ள திருகிலிருந்து அதைவிட நல்ல திருகு பிறந்தது. பிழை சிறிதாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்பதை இந்தப் பட்டை நிரூபித்தது.

எல்லாப் பிழையும் ஒரு வகையல்ல என்பதை ஒளியியல் காட்டிக்கொடுத்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோலண்ட் 1880களில் உலோகக் கண்ணாடியில் அங்குலத்துக்கு 14,438 கோடுகள் இழுத்து நிறமாலைக் கீற்றணிகள் செய்தார். நிலவறையில், வெப்பம் மாறாமல் காத்து, இயந்திரம் ஓடியது. திருகை நீண்ட நட்டுக்குள் வைத்து, நட்டைத் திரும்பத் திரும்ப முனை மாற்றிப் போட்டு, எமரித் தூளால் நாள்கணக்கில் தேய்த்தார்கள். நீளப்போக்கில் சேர்ந்துகொண்டே போகும் பிழை அதில் பெரிதும் கரைந்தது. சுற்றுக்கு ஒருமுறை வந்து போகும் பிழை கரையவில்லை. திருகின் முனையும் தாங்கியும் மையத்திலிருந்து இம்மியளவு விலகியிருந்தாலும் நிறமாலையில் உண்மைக் கோட்டின் இருபுறமும் பொய்க் கோடுகள் தோன்றின. ரோலண்டின் ஆவிகள் என்ற பெயர் இன்றும் அவற்றுக்கு நிலைத்திருக்கிறது. அந்தச் சுழற்சிப் பிழைக்கு அவர் தனியாக ஒரு ஈடுசெய் அமைப்பைப் பூட்டினார். ஒரு கலைக்களஞ்சியத்துக்குத் திருகைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை நெடுங்காலம் கருவி செய்பவர்களின் பாடநூலாக இருந்தது.

1920களில் ஜெனீவாவின் எஸ்.ஐ.பி. நிறுவனம் துளையிடம் குறிக்கும் ஜிக் போரிங் இயந்திரங்களை விற்கத் தொடங்கியபோது டாங்கினின் பட்டை தொழிற்சாலைக்குள் நுழைந்தது. ஒவ்வொரு இயந்திரத்தின் லீட் ஸ்க்ரூவையும் அளந்து, அதற்கென்றே திருத்தத் தகடு அரம் போட்டுச் செய்தார்கள். ஒன்றின் தகட்டை இன்னொன்றில் மாட்டினால் பயனில்லை.

ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்காக முன்வைத்த, இயந்திரத்தை எண்களால் நகர்த்தும் யோசனையை எம்.ஐ.டி. ஆய்வகம் 1952இல் ஓட்டிக் காட்டியது. சின்சினாட்டி மில்லிங் இயந்திரம் ஒன்று காகித நாடாவின் துளைகளைப் படித்து மூன்று அச்சுகளில் நகர்ந்தது. இதனால் கைப்பிடியைச் சுற்றியவர் கண்ணால் பார்த்துச் செய்துவந்த திருத்தங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. நாடா சொன்னது வெட்டியின் மையம் போகவேண்டிய பாதை. 20 மி.மீ. வெட்டிக்குத் துளையிட்ட நாடாவில், சாணை பிடித்து 19.6 ஆகிவிட்ட வெட்டியை மாட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் 0.2 மி.மீ. உலோகம் வெட்டப்படாமல் நிற்கும். புதிய நாடா வேண்டும், அல்லது அதே அளவில் புதிய வெட்டி வேண்டும். டக்ளஸ் ராஸ் குழு எம்.ஐ.டி.யில் உருவாக்கிய ஏ.பி.டி. மொழி, பொருளின் வடிவத்திலிருந்து வெட்டியின் பாதையைக் கணித்தது. ஆனால் அந்தக் கணக்கு நடந்தது தொலைவில் இருந்த பெரிய கணினியில். 1958இல் கியர்னி அண்ட் டிரெக்கரின் மில்வாக்கி-மேட்டிக் இயந்திரம் டூலைத் தானே மாற்றத் தொடங்கியதும் நீளச் சிக்கலும் சேர்ந்தது. துளைக்கருவி ஒரு நீளம், போரிங் பார் வேறொரு நீளம்.

விடை ஆஃப்செட். நாடாவில் பொருளின் அளவு மட்டும் இருக்கும். டூலின் நீளமும் ஆரமும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தனியே இருக்கும். முதலில் அதற்குச் சுழற்றும் எண் சுவிட்சுகள் இருந்தன. 1970களில் மைக்ரோபிராசஸர் வந்தபின் அவை நினைவகத்தில் அட்டவணையாயின. ஜி43 என்ற கட்டளை நீளத்தைக் கூட்டும். ஜி41 வெட்டியைப் பாதையின் இடப்புறமும் ஜி42 வலப்புறமும் ஆரம் அளவுக்கு விலக்கும். ஜி40 அதை நீக்கும். ஆரத் திருத்தம் தோன்றுவதைவிடக் கடினமானது. மூலை வருமுன் அடுத்த வரியைப் படித்து, விலகிய இரு பாதைகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கணிக்கவேண்டும். உள்மூலை வெட்டியின் ஆரத்தைவிடச் சிறியதாக இருந்தால் வெட்டத் தொடங்கும் முன்பே நிறுத்தவேண்டும்.

லேத்தில் இது அன்றாட வேலை. விட்டம் 0.04 மி.மீ. கூடுதலாக வந்தால் இயக்குபவர் தேய்மான அட்டவணையில் −0.04 சேர்க்கிறார், அடுத்த துண்டு அளவுக்கு வருகிறது. டூலின் இயல்பு அளவு வேறு பக்கத்தில் தொடப்படாமல் இருக்கிறது. இப்படிப் பிரித்துவைத்தது நல்ல ஏற்பாடு. தேய்மானப் பக்கத்தில் ஏற்றக்கூடிய எண்ணுக்கு வரம்பு வைத்தால், புள்ளியைத் தவறவிட்டு அடித்த எண் டூலைச் சக்கில் மோதவைக்காது.

திருகின் பிழையும் அதே நினைவகத்துக்குள் வந்து சேர்ந்தது. ஹியூலெட்-பேக்கர்ட் 1970இல் வெளியிட்ட லேசர் இன்டர்ஃபெராமீட்டர் அதற்கு அளவுகோலாயிற்று. ஹீலியம்-நியான் ஒளியின் அலைநீளம் சுமார் 0.633 மைக்ரான், அதை எண்ணியே மேசை நகர்ந்த தூரம் அறியப்படுகிறது. மேசையை, எடுத்துக்காட்டாக, 50 மி.மீ.க்கு ஒருமுறை நிறுத்தி, கேட்ட இடத்துக்கும் வந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கிறார்கள். அந்த எண்கள் பிட்ச் பிழை அட்டவணையாக ஏற்றப்படுகின்றன. ஓடும்போது கட்டுப்பாடு அவற்றைக் கழிக்கிறது. டாங்கின் அரத்தால் செய்ததை இங்கே எண் செய்கிறது. மேசையை எதிர்த்திசையிலிருந்தும் கொண்டுவந்து அளப்பது கட்டாயம். திசை மாறும்போது நட்டுக்கும் திருகுக்கும் இடையே உள்ள தளர்வு, பட்டறையில் ‘ப்ளே’ என்பார்கள், தனி எண்ணாக ஏறும்.

அட்டவணை எல்லாவற்றையும் குணமாக்காது. தளர்ந்த தாங்கி ஒருமுறை 8 மைக்ரானும் மறுமுறை 20 மைக்ரானும் விட்டுக்கொடுத்தால் எந்த எண்ணும் சரியாகாது. முதலில் தாங்கியை மாற்றவேண்டும். வெப்பம் இன்னும் கடுமையான எதிரி. ஒரு மீட்டர் எஃகு 5 பாகை சூடானால் 55 மைக்ரானுக்கும் கூடுதலாக நீள்கிறது. காலையில் குளிர்ந்த இயந்திரத்தில் எடுத்த அட்டவணை நடுப்பகலில் பொய் சொல்லும். எனவே திருகைக் குழலாகச் செய்து உள்ளே குளிர்விக்கும் திரவம் ஓடவிடுகிறார்கள். அல்லது திருகை நம்பாமல் மேசையருகே கண்ணாடி அளவுகோல் பொருத்தி நிலையை நேரடியாகப் படிக்கிறார்கள்.

அளவுகோலும் ஒரு நேர்க்கோட்டைத்தான் பார்க்கிறது. மேசை நகரும்போது முன்னோக்கிய பிழை மட்டுமின்றி, பக்கவாட்டிலும் செங்குத்திலும் விலகல் உண்டு. மூன்று திசைகளில் சாய்வும் உண்டு. மூன்று அச்சுகளுக்கு இப்படி 18, அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாத பிழை 3, ஆக 21. இவை அனைத்தையும் அளந்து, வேலைசெய்யும் இடம் முழுவதற்கும் திருத்தம் கணிக்கும் முறை இப்போது பெரிய இயந்திரங்களில் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து அச்சு இயந்திரங்களில் சுழலும் இரு அச்சுகளின் மைய விலகலும் சாய்வும் இந்தக் கணக்கோடு சேர்கின்றன.