வேர்மண்டல நுண்ணுயிர்கள்

பயிர் வேரின் உள்ளும் மேலும், அதை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணிலும் வாழும் பாக்டீரியா, பூஞ்சை முதலியவை வேர்மண்டல நுண்ணுயிர்கள் எனப்படும். வேர் கசியவிடும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இவற்றின் உணவு. இவற்றுள் பயிருக்குத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஈட்டித் தருபவையும் உண்டு. நோய் தருபவையும் உண்டு.

நெல்வேரின் இயல்பு: தென்காசியை அடுத்த இலத்தூர் போன்ற குளத்துப் பாசன ஊர்களில், தண்ணீர் நிற்கும் வயலில் நெல்லைப் பிடுங்கினால் வேரில் செம்பழுப்புப் பூச்சு தெரியும். தண்டின் காற்றறைகள் வழியே இறங்கும் ஆக்சிஜன், சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்குவதால் வருவது அது. வேரைச் சுற்றி மட்டுமே ஆக்சிஜன் இருப்பதால், காற்றை நாடும் உயிர்களும் காற்றில்லாமல் மீத்தேன் உண்டாக்கும் உயிர்களும் அங்கே அருகருகே வாழ்கின்றன.

வரலாறு: கொளுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு ஆகிய பயறு வகைச் செடிகளை விதைத்து, தழையுரமாக மடக்கி உழும் வழக்கம் நுண்ணுயிரியலுக்கு முந்தியது. பயறு வகைப் பயிர்கள் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை ஜெர்மனியின் ஹெல்ரீகல் 1886-இல் அறிவித்தார். முடிச்சிலுள்ள பாக்டீரியாவை 1888-இல் டச்சு அறிஞர் பெயெரிங்க் பிரித்தெடுத்தார். வேரோடு கூடி வாழும் பூஞ்சைக்கு 1885-இல் ‘மைக்கோரைசா’ என்று ஃபிராங்கும், வேர்சூழ் மண்ணுக்கு 1904-இல் ‘ரைசோஸ்பியர்’ என்று ஹில்ட்னரும் பெயரிட்டனர்.

தமிழகத்தில் இத்துறையின் தொடக்கக் கவனம் நோய் தரும் உயிர்களின்மேல் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவன் குழுவினர், மண்வழி வேரில் நுழைந்து பருத்தியை வாட்டும் ஃபியூசேரியம் பூஞ்சையை ஆராய்ந்தனர். துணை உயிர்கள்மேல் நாட்டம் பெருகியது பின்னர். வேர்முடிச்சு இல்லாத புல்லினப் பயிர்களிலும் நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியா வாழ்வதைப் பிரேசிலில் யோஹான்னா டோபரைனர் ஆராய்ந்தார். 1978-இல் அதற்கு ‘அசோஸ்பைரில்லம்’ என்ற பேரினப் பெயர் வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதை நெல்லுக்கான உயிர் உரமாக்கியது. பொட்டலத்தில் பாக்டீரியாவைத் தாங்கும் ஊடகமாகப் பழுப்பு நிலக்கரித் தூள் பயன்பட்டது; திரவ வடிவம் பின்னர் வந்தது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டி உவர்நீரில் வளரும் காட்டு நெல்லிலிருந்து, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. லோகநாதனும் சுதா நாயரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். உப்பைத் தாங்கி, நைட்ரஜனை நிலைப்படுத்தி, பாஸ்பேட்டையும் கரைக்கும் இது, 2004-இல் ‘சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்’ என்ற பெயரில் புதிய பேரினமாக விவரிக்கப்பட்டது.

பயன்பாடு: ஆறிய வடிகஞ்சியில் அசோஸ்பைரில்லத்தைக் குழைத்து விதையில் பூசுவர். நடவின்போது ஹெக்டேருக்கு ஒரு கிலோவை 40 லிட்டர் நீரில் கரைத்து நாற்றின் வேரை நனைப்பதும் உண்டு. பாஸ்போபாக்டீரியா மணிச்சத்தைக் கரைத்துத் தரும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நோய்ப் பூஞ்சைக்கு எட்டாதபடி இரும்பைக் கவர்ந்துகொள்ளும்.

வரம்புகள்: இவை உயிருள்ள பொருள்கள், வெயிலும் சூடும் ரசாயன மருந்துக் கலப்பும் இவற்றைக் கொன்றுவிடும். தழைச்சத்து உரம் மிகுந்த மண்ணில் பயறுச் செடிகள் வேர்முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும். கேட்காமலே கிடைக்கும்போது, சர்க்கரை கொடுத்துக் கூலிக்கு ஆள் வைக்க வேருக்குத் தேவை இருப்பதில்லை.