காவிரி எல்லையா இருந்த ஏழு வருஷம்

ஜேடர்பாளையம்னா அணைக்கட்டும் மீன் வறுவலும்தான் நம்மாளுங்களுக்கு ஞாபகம் வரும். ஆனா 1792-லிருந்து 1799 வரைக்கும் அது எல்லையோர ஊர். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில சேலம், நாமக்கல், சங்ககிரிப் பக்கமெல்லாம் கம்பெனி கைக்கு வந்துருச்சு. காவிரிக்கு இக்கரை கம்பெனி. அக்கரை, அதாவது ஈரோட்டுப் பக்கம், இன்னும் திப்பு சுல்தானோடது.

அதனால கம்பெனிக்கு ஒரே நேரத்துல ரெண்டு வேலை. ஊரை அடக்கி வரி வசூலிக்கணும், அடுத்த போருக்கும் தயாரா இருக்கணும். கார்ன்வாலிஸ் இதுக்கு அனுப்பினது கேப்டன் அலெக்சாண்டர் ரீடை. உதவிக்கு வந்த மன்றோ, மெக்லியாட், கிரஹாம் மூணு பேருமே பட்டாளத்துக்காரங்க. காரணம் எளிமையானது: மெட்ராஸ் சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழி தெரியாது, இவங்களுக்குத் தெரியும்.

வரி வசூலுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். 1791 மே மாசம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துல சண்டையில ஜெயிச்சும் திரும்பிப் போனார். வண்டி மாடெல்லாம் செத்து, தானியம் தீர்ந்துபோச்சு. பெரிய பீரங்கிகளைத் தானே அழிச்சுட்டுத்தான் கிளம்பினார். 1799 போர்ல படைக்குத் தானியமும் மாடும் சேர்த்த பொறுப்பு, ஏழு வருஷமா இங்க நிலம் அளந்துட்டிருந்த அதே ரீடுக்கு. மே 4 கோட்டை விழுந்தது. அமைதிக்கால வேலையே போர்த் தயாரிப்பாவும் ஆயிருச்சு.

ஆனா அந்த அமைதி யாருக்கு? 1805-ல தீரன் சின்னமலையைத் தூக்குல போட்டது இதே சங்ககிரியில.

இதை 1987-ஓட சேர்த்துப் பாருங்க. ஜூலை 29 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போச்சு. அக்டோபர்ல புலிகளோட போரே மூண்டது. பெரும்பாலான வீரர்களுக்கு மொழியும் புதுசு, மண்ணும் புதுசு. 1990 மார்ச்சுல திரும்பறதுக்குள்ள ஆயிரத்துக்கும் மேல வீரர்கள் செத்தாங்க. ஈழத்துச் சனங்க பட்டதைத் தனியா சொல்ல வேண்டியதில்லை.

அதே 1990-லதான் உள்நாட்டுக் கிளர்ச்சிகளைச் சமாளிக்கன்னே ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் உருவாச்சு. வழக்கமான படை எல்லையைப் பாக்கட்டும், இது உள்ளே பாக்கட்டும்னு கணக்கு. ஆனா அதுல வேலை பாக்கறவங்களும் வழக்கமான படைப்பிரிவுகள்ல இருந்து சில வருஷத்துக்கு வர்றவங்கதான்.

அமைப்பைப் பிரிக்கலாம், பயிற்சியை மாத்தலாம். மொழியும் மண்ணும் கூட ஏழு வருஷத்துல பழகிரும். அந்த ஊர்ச் சனங்க ஒத்துக்கறது மட்டும் துப்பாக்கியால வராதுங்க. ரீடுக்கும் வரல, அமைதிப்படைக்கும் வரல.