வண்டுகளின் வடிவும் வண்ணமும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1828 முதல் 1831 வரை பயின்ற சார்லஸ் டார்வினுக்குப் பாடங்களைவிட வண்டுகளின்மீதே பற்று மிகுதி. அந்நாளில் ஒருமுறை பழைய மரப்பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டைக் கண்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்தார். அந்நேரம் புதுவகை வண்டு ஒன்றும் தென்பட்டது. அதனை விட மனமின்றி, வலக்கையில் இருந்ததை வாய்க்குள் போட்டுக்கொண்டார். அது கடுங்காரமான நீரைப் பீய்ச்சியது. நாக்கு எரியவே, அதைத் துப்பிவிட்டார். துப்பிய வண்டும் போயிற்று. மூன்றாவது வண்டும் போயிற்று.

டார்வினே தம் வரலாற்றில் எழுதிவைத்த இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதே. எனினும் அதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஒரு பறவையின் வாயில் அகப்பட்டிருந்தாலும் அவ்வண்டு அதையே செய்திருக்கும். அப்படியாயின், வண்டுகளின் உடலமைப்பும் நிறமும் மனிதர் கண்டு களிப்பதற்கென அமைந்த அணிகலன்களா? அன்றி, வண்டுகளுக்கே பயன்படும் கருவிகளா?

இவ்வினாவுக்கு விடை காண்பதில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆல்பிரட் ரசல் வாலஸ் இங்கு வந்திறங்கினார். புக்கிட் தீமாவில் கத்தோலிக்கப் பாதிரிமார் இல்லத்தில் தங்கி, அருகிலிருந்த காட்டில் பூச்சிகளைச் சேகரித்தார். சீன மரவெட்டிகள் வீழ்த்திய மரங்களும் மரத்தூளும் மட்கிய இலைகளும் அங்கே வண்டுகளுக்குப் பெருவிருந்தாய் அமைந்திருந்தன. ஏறத்தாழ இரண்டே மாதங்களில் அவர் 700 வகை வண்டுகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் 130 வகை நீண்ட உணர்கொம்புகளை உடையவை. இவற்றில் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டிலேயே கிடைத்தவை.

ஒரு சிறு காட்டில் இத்தனை வகைகள் எதற்கு? வாலஸ் 1858-இல் கண்ட விடையும், டார்வின் பல்லாண்டுகளாகத் தனியே ஆராய்ந்து வந்த விடையும் ஒன்றாகவே இருந்தன. இருவர் கருத்துகளும் அவ்வாண்டு சூலை 1-ஆம் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன. பிறக்கும் உயிர்கள் எல்லாம் பிழைப்பதில்லை. ஓர் இனத்துள்ளும் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சூழ்நிலைக்கு ஏற்ற வேறுபாடு உடையவை மிகுதியாகப் பிழைத்து, அவ்வியல்பைத் தம் வழித்தோன்றல்களுக்கு அளிக்கின்றன. இதுவே இயற்கைத் தேர்வு.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். அத்லாந்திக் கடலிலுள்ள மதீராத் தீவில் அறியப்பட்ட 550 வண்டு வகைகளுள் 200 வகைகள் பறக்க இயலாதவை என வொல்லஸ்டன் என்னும் அறிஞர் கண்டிருந்தார். இறகு குன்றியது குறைபாடன்றோ எனத் தோன்றும். ஆனால், நன்கு பறந்த வண்டுகளைக் காற்று கடலுக்குள் அடித்துச் சென்றிருக்கும். தரையில் ஊர்ந்தவை பிழைத்து இனம் பெருக்கியிருக்கும் என்று 1859-இல் டார்வின் விளக்கினார். ஓரிடத்தில் வலிமையாய் இருப்பது மற்றோரிடத்தில் அழிவாகலாம் என்பதே இதன் பொருள்.

இனி வண்ணம். பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஒருவகைக் கூன்வண்டுகள் கரிய உடலில் ஒளிவீசும் புள்ளிகளைத் தாங்கியவை. பகைவர் கண்ணுக்கு எளிதில் படுபவை. அவை ஒளிந்துகொள்ளாதது ஏன்? அவற்றின் ஓடு மிகக் கடினமானது. தின்ன முயன்ற விலங்கு, அந்நிறத்தை நினைவிற் கொண்டு மறுமுறை விலகிப்போகும். இக்கூன்வண்டின் தோற்றத்தையே வேறு குடும்பத்தைச் சேர்ந்த உணர்கொம்பு வண்டு ஒன்றும் பெற்றுப் பிழைக்கிறது என்பதை வாலஸ் 1867-இல் எடுத்துக்காட்டினார்.

அவர் கூற்று வெறும் ஊகமாய் நின்றுவிடவில்லை. தைவான் அறிஞர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வினத்து முதிர்ந்த வண்டுகளைக் கடித்த ஓணான்கள் உடனே உமிழ்ந்துவிட்டன. ஓடு இறுகாத இளவண்டுகளை விழுங்கிவிட்டன. நிறம் கூறும் எச்சரிக்கைக்கு ஓட்டின் கடினமே சான்றாய் நிற்கிறது.

பிழைத்த வண்டுகளே நம் கண்ணில் படுகின்றன, அழிந்தவை படுவதில்லை. ஒரு சிறு புள்ளிக்குப் பின்னும் எண்ணற்ற தலைமுறைகளின் வாழ்வும் சாவும் உள்ளன. அவ்வரலாற்றை எழுதிவைத்த ஏடு காடேயாகும். வாலஸ் நடமாடிய புக்கிட் தீமாக் காட்டில் எஞ்சிய பகுதி இன்று இயற்கைக் காப்பகமாக உள்ளது. அங்கே ஒரு வண்டைக் காணும் மாணவன் “இஃது எவ்வளவு அழகு!” என்பதோடு நின்றுவிடாமல், “இவ்வழகு இதற்கு எவ்வாறு பயன்பட்டது?” என்றும் கேட்பானாயின், அறிவியல் அங்கே தொடங்கிவிடும்.